ரயில் போன பின்பும் அறுபடாத நிலம்: சிங்கப்பூரின் பழைய ரயில் பாதை நடைபாதையானது எப்படி?

கடலில் மண் கொட்டி நிலம் சேர்த்துக்கொண்ட ஊர் சிங்கப்பூர். அங்கே தெற்கு முனையில் தஞ்சோங் பகாரில் தொடங்கி, வடக்கே மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தை ஒட்டிய உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை ஓடியது. அந்தப் பாதையின் நிலம் 2011 ஜூலை 1ஆம் தேதி அரசின் கைக்கு வந்து சேர்ந்தது.

துண்டு துண்டாகப் பிரித்து அடுக்குமாடி கட்டியிருக்கலாம். சாலை போட்டிருக்கலாம். சிங்கப்பூர் அப்படிச் செய்யவில்லை. பாதையின் பெரும்பகுதியை நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டது. இன்று அதற்கு ரயில் காரிடார் என்று பெயர்.

இதைக் கேட்கும் பலருக்கு உடனே எழும் கேள்வி, "இவ்வளவு விலையுள்ள நிலத்தை நடப்பதற்கா விடுவது?" என்பது. நியாயமான கேள்விதான். பதில் பிடிபட வேண்டுமானால் ரயில் பாதை என்பது எப்படிப்பட்ட நிலம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரயில் நின்றதும் என்ன மிஞ்சுகிறது?

ஒரு பாதையில் ரயில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மிஞ்சுபவற்றை நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மேலே கிடப்பவை. தண்டவாளம், அதைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள், அவற்றுக்கு அடியில் ஜல்லி. இரும்புக்கு எடை போட்டால் காசு வரும். அதனால் முதலில் கிளம்புவது இவைதான்.

2. மண் வேலை. பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்திய கரை, மேட்டை வெட்டி இறக்கிய வழி, பல பத்தாண்டுகள் ரயில் எடையில் இறுகிப்போன தளம். இதைக் கழற்றி எடுத்துப்போக முடியாது. இன்று புதிதாகச் செய்யப் போனால் செலவு கட்டுப்படியாகாது.

3. பாலங்கள், சுரங்கங்கள், மதகுகள். சாலைக்கும் ஆற்றுக்கும் மேலே போகிற இரும்புப் பாலம் கண்ணில் படும். கரைக்கு அடியில் மழைநீரைக் கடத்துகிற சின்ன மதகு யார் கண்ணிலும் படாது. ஆனால் அது அடைத்துக்கொண்டால் ஒரே மழையில் கரை கரைந்துவிடும்.

4. உரிமை. இந்த நீள நிலத்தில் போக, வர, பராமரிக்க ஒருவருக்கு இருக்கும் சட்டபூர்வமான அதிகாரம். பார்வைக்குத் தெரியாத அடுக்கு இது.

நடைபாதைக்கு முதல் அடுக்கு தேவையில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. நான்காவது போய்விட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் 24 கிலோமீட்டரில் நடுவே 50 மீட்டரை ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டால் அது ஒரு பாதையாக இருக்காது, இரண்டு முட்டுச்சந்துகளாகிவிடும். பழைய ரயில் நிலத்தின் மதிப்பை ஏக்கர் கணக்கில் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அதன் மதிப்பு அகலத்தில் இல்லை, அறுபடாத நீளத்தில் இருக்கிறது.

ரயில் போன வழி நடக்க ஏன் இவ்வளவு தோது?

இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது பெரிய வரம், குறைந்த சக்தியில் அதிக எடையை இழுக்கலாம். ஏற்றத்தில் அதுவே சாபம், சக்கரம் வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுகிற பொறியாளர்கள் ஏற்றத்தைப் பார்த்தாலே ஒதுங்குவார்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தாலே அவர்கள் கணக்கில் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். அதற்கு மேல் ரொம்பப் போனால் ஊட்டி ரயிலைப் போலப் பல்சக்கரம் வேண்டியிருக்கும். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம்.

வளைவும் அப்படித்தான். ரயில் சட்டென்று திரும்ப முடியாது. ஆகவே நீண்டு அகன்ற வளைவுகள்.

இப்போது இதை ஒரு நடைபாதையின் பக்கத்திலிருந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை 12க்கு 1 என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. சாதாரண ரயில் பாதை அதைவிடப் பல மடங்கு மென்மையானது. முழங்கால் வலிக்காரர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தாய், அப்போதுதான் சைக்கிள் பழகுகிற பிள்ளை எல்லாரும் போகலாம். குன்றுகளுக்கு நடுவே போகிற பாதை இப்படிச் சமமாக இருப்பது தற்செயல் இல்லை. யாரோ ஒரு தலைமுறை கூலியாட்கள் மண்வெட்டியும் கூடையுமாக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய உழைப்பு அது.

நிலம் யாருடையது? சிக்கலின் மையம் இதுதான்

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் "வண்டி வாகனம் போக வர பாத்தியம்" என்று ஒரு வரி வரும். நிலம் ஒருவருடையது, அதில் வழியாகப் போகிற உரிமை மட்டும் இன்னொருவருக்கு. அமெரிக்காவில் பல ரயில் கம்பெனிகளுக்கு இருந்தது இப்படிப்பட்ட வழிப் பாத்தியம்தான், முழு உடைமை அல்ல. ரயில் ஓடும் வரை பாத்தியம் உண்டு. ரயில் நின்று, பாதை கைவிடப்பட்டால் பாத்தியம் காலாவதி. நிலம் பக்கத்து வயல்காரருக்குத் திரும்பிவிடும்.

1916ல் அமெரிக்காவில் 4 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை இருந்தது. பிறகு காரும் லாரியும் வந்து, பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடப்பட்ட ஒவ்வொரு பாதையும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. இதைத் தடுக்க 1983ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதன் சாரம்: ரயில் நின்ற பாதையை ஓர் அமைப்போ உள்ளூர் நிர்வாகமோ ஏற்று நடைபாதையாகப் பராமரிக்கலாம். ஒருநாள் ரயில் மறுபடி தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும். அதுவரை பாதை கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. வங்கியில் போட்டுவைப்பது போல வழித்தடத்தைப் போட்டுவைக்கிறார்கள். அங்கே இந்த ஏற்பாட்டுக்கு ரயில் பேங்கிங் என்றே பெயர்.

பக்கத்து நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குக்குப் போனார்கள். வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த வழக்கில், சட்டம் செல்லும், ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990ல் சொன்னது. 2014ல் வயோமிங் மாநில வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் நிலக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. காரணம், 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுக்கப்பட்ட அந்தக் குறிப்பிட்ட பாதையில் ரயில்வேக்கு வெறும் பாத்தியம்தான் இருந்தது, அதுவும் ரயில் கைவிடப்பட்டதோடு முடிந்துவிட்டது. நூறு வருடத்துக்கு முன் பத்திரத்தில் என்ன சொல் எழுதினார்கள் என்பதில் ஒரு நடைபாதையின் தலையெழுத்து தொங்குகிறது.

பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே 1963ல் வந்த பீச்சிங் அறிக்கை சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையை மூடச் சொன்னது. மூடிய பிறகு நிலத்தை மொத்தமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை, கிடைத்த விலைக்குத் துண்டு துண்டாக விற்றார்கள். 1969ல் மூடப்பட்ட எடின்பரோ–கார்லைல் பாதையின் வடபகுதியை 2015ல் மறுபடி திறந்தபோது அதன் விலை தெரிந்தது. நடுவே நெடுஞ்சாலை குறுக்கிட்டிருந்தது, கட்டடங்கள் வந்திருந்தன. இருந்த பாதையைத் திறப்பதற்குப் புதுப்பாதை போடுகிற பாடு பட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது. வேலை இழுத்துக்கொண்டே போனது, பன்னிரண்டு வருடத்துக்கு மேல். ஏலக்காய் மூட்டைக்குப் பேர்போன ஊர் ரயில் இல்லாமல் கிடந்தது. ஆனாலும் நிலம் ரயில்வேயின் கையில் ஒரே நீளமாக இருந்ததால் 2022ல் தேனிக்கும் 2023ல் போடிக்கும் ரயில் திரும்ப வந்தது. நடுவில் யாராவது அதைத் துண்டு போட்டு விற்றிருந்தால் வந்திருக்காது.

சிங்கப்பூர்ப் பாதை: ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் நிலம்

சிங்கப்பூரில் ரயில் 1903ல் ஓடத் தொடங்கியது. அப்போது நகரத்தில் டாங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை வந்து, அங்கிருந்து படகில் ஜோகூர் போக வேண்டும். கடற்பாலம் வந்ததும் 1923 முதல் ரயிலே கடலைத் தாண்டியது. 1932ல் பாதையின் தெற்குப் பகுதியை மேற்கே திருப்பி, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் கட்டினார்கள். தெற்குப் பகுதியில் இன்று மக்கள் நடப்பது இந்த 1932ஆம் ஆண்டுத் தடத்தில்தான். தண்டவாளம் நம் பழைய மீட்டர் கேஜ் அளவே.

அதே 1932ல் ரயில்வேயில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் ஒரு குடிசை போட்டு முனியாண்டியை வைத்துக் கும்பிட்டார்கள். அதுதான் இன்று காமன்வெல்த் வட்டாரத்தில் கோபுரத்தோடு நிற்கிற ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். ரயில் போய்விட்டது, லைன்காரர்கள் காவலுக்கு வைத்த சாமி இன்றும் இருக்கிறது.

சரி, நிலச் சிக்கலுக்கு வருவோம். 1918ல் பிரிட்டிஷ் நிர்வாகம் சிங்கப்பூர் ரயில்வேயை, இன்றைய மலேசியாவின் ஒரு பகுதியான கூட்டு மலாய் மாநிலங்களின் அரசுக்கு மாற்றிக் கொடுத்தது. நிலத்தின் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகை. இரண்டு இடமும் ஒரே ஆட்சியில் இருந்ததால் அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. 1965ல் சிங்கப்பூர் தனி நாடானபோது, நாட்டின் நடுவே ஓடிய ரயில் நிலம் மட்டும் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் வசம் நின்றது.

1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுதீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நிலையத்தைத் தஞ்சோங் பகாரிலிருந்து பின்னுக்கு நகர்த்துவது, நிலத்தைச் சிங்கப்பூருக்குத் தருவது, பதிலுக்கு மூன்று இடங்களை இரு நாடுகளும் 60க்கு 40 என்று சேர்ந்து மேம்படுத்துவது என்பது ஏற்பாடு. எப்போது நகர்த்த வேண்டும் என்பதில் ஆளுக்கொரு விளக்கம் சொல்லி, இருபது வருடம் ஓடிப்போனது.

அந்த இழுபறி எப்படி இருந்தது என்பதற்குப் பயணிகளின் பாஸ்போர்ட்டே சாட்சி. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தன் சோதனையைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்திருந்தது. அதனால் வடக்கே போகும் பயணி முதலில் தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைவார், அப்புறம் ரயிலேறி உட்லண்ட்ஸ் வந்து சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார். வெளியேறாத நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துவிட்ட நிலை.

2010 மே 24 அன்று பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜீப் ரசாக்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில் உட்லண்ட்ஸோடு நிற்கும். ரயில் நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோரிலும் ஆறு மனைகள் ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போகும், அதில் மலேசியாவுக்கு 60 விழுக்காடு. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம்.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சண்டையின் பக்கவிளைவாகத்தான் அந்த நிலம் பிழைத்தது. சிங்கப்பூர் வேகமாக வளர்ந்த 1970கள், 80கள், 90களில் இந்த நிலம் அதன் அதிகாரத்தில் இருந்திருந்தால் விரைவுச்சாலையோ வீட்டு வரிசையோ எப்போதோ விழுங்கியிருக்கும். இன்னொரு நாட்டின் பிடியில் இருந்ததால் யாரும் தொடவில்லை. ஓரமெல்லாம் புல்லும் மரமும் வளர்ந்து, நகரத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு தானாகவே உருவாகியிருந்தது.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது?

ஒப்பந்தம் அறிவித்த சில மாதங்களிலேயே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பாதையை முழுதாகப் பசுமைத் தடமாக வைத்திருங்கள், துண்டு போடாதீர்கள் என்பதுதான் அதன் மையம். ரயில் நிற்பதற்கு எட்டு மாதம் முன்பே இது வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு கோரிக்கை வைத்திருந்தால் காலம் கடந்திருக்கும். பழைய பாதையைக் காப்பாற்ற நினைக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். பேச வேண்டிய நேரம் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2011 ஜூலை 1 முதல் 17 வரை முழுப் பாதையையும் தண்டவாளத்தோடு மக்களுக்குத் திறந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், கேமராக்காரர்கள், குடும்பங்கள், ஒருகாலத்தில் அதே ரயிலில் ஊருக்குப் போன பெரியவர்கள் எல்லாரும் கட்டை மேல் கட்டையாகக் கால் வைத்து நடந்தார்கள். பிறகுதான் தண்டவாளத்தைக் கழற்றி மலேசியாவிடம் ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. வரைபடத்தில் பார்த்தால் வெறும் கோடாகத் தெரிந்த நிலம், நடந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் இடமாகிவிட்டது. அதன் பின் அதை வெட்டுவது எந்த அதிகாரிக்கும் எளிதில்லை.

2015ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் நடத்திய போட்டியில் ஜப்பானின் நிக்கென் செக்கெய் நிறுவனத்தின் தலைமையிலான குழுவின் திட்டம் தேர்வானது. வேலை கட்டம் கட்டமாக நடந்தது. ஹில்வியூவிலிருந்து புக்கிட் தீமா நிலையம் வரையிலான 4 கிலோமீட்டர் நடுப்பகுதி 2021 மார்ச்சில் திறந்தது. அங்கிருந்து ஸ்பூனர் ரோடு வரை 10 கிலோமீட்டர் தெற்குப் பகுதி அதே ஆண்டு மே மாதம். கிராஞ்சி வரையிலான வடபகுதி 2023 தொடக்கத்தில். ரயில் நின்றதற்கும் பாதை தொடர்ச்சியாக நடக்கக் கிடைத்ததற்கும் நடுவே பன்னிரண்டு வருடம். அதுவரை மக்கள் சேற்றிலும் புல்லிலும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கட்டுமானத்தில் என்னென்ன வேலை?

தண்டவாளத்தை எடுத்துவிட்டால் நடைபாதை தயார் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பொதுவாக வேலை இந்த வரிசையில் போகும்:

1. மண்ணைச் சோதிப்பது. மரக் கட்டைகள் உளுத்துப்போகாமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைப்பார்கள். பாதையில் களை முளைக்காமல் இருக்க மருந்தடிப்பார்கள், பழைய காலத்துக் களைமருந்துகளில் ஆர்செனிக் இருந்தது உண்டு. குழந்தைகள் விளையாடப் போகிற இடம், பார்க்காமல் விடக் கூடாது.

2. தண்ணீர் போக வழி. ரயில் பாதையில் ஜல்லி இருக்கும் வரை மழைநீர் இறங்கிவிடும். ஜல்லியை எடுத்ததும், மேட்டை வெட்டிய பகுதிகள் வாய்க்கால் போல ஆகிவிடும். வடிகாலையும் மதகையும் முதலில் சரிசெய்யாமல் மேல்தளம் போட்டால் முதல் பருவமழைக்கே போய்விடும்.

3. பாலங்களை உறுதிப்படுத்துவது. ரயிலைத் தாங்கிய பாலத்துக்கு மனிதர்களின் எடை ஒரு பொருட்டல்ல. பிரச்சினை துருவும் கைப்பிடி இல்லாமையும்தான். புக்கிட் தீமாவில் சாலைக்கு மேலே நிற்கும் இரண்டு இரும்புப் பாலங்களும் இப்படிச் சீரமைக்கப்பட்டு, இன்று ஆட்கள் நின்று படமெடுக்கும் இடமாகியிருக்கின்றன.

4. தளம். தார் போட்டால் சக்கரத்துக்கு நல்லது, வெயிலில் கொதிக்கும், தண்ணீர் இறங்காது. மண்ணாக விட்டால் காலுக்கு இதம், மழையில் சேறு. சிங்கப்பூரில் பல இடங்களில் தண்ணீர் கீழே இறங்கும்படி சரளையும் மண்ணும் புல்லும் கலந்த தளம் போட்டார்கள். காட்டை ஒட்டிய பாதைக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

5. ஏறி இறங்கும் வாசல்கள். ரயில் பாதை ஊரைவிட்டு விலகி, கரை மேலோ வெட்டின் அடியிலோ போகும். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வர படியும் சரிவும் இல்லாவிட்டால் பாதை இருந்தும் யாருக்கும் உதவாது.

இதில் வெளியே தெரியாத இன்னொரு பலனும் உண்டு. சிங்கப்பூரின் தண்ணீர் நிறுவனமான பொதுப் பயனீட்டுக் கழகம் மர்னேன் சேவை நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்கு 22 கிலோமீட்டர் குடிநீர்க் குழாய் ஒன்றைத் திட்டமிட்டது. அதில் 11 கிலோமீட்டர் பழைய ரயில் நிலத்தின் அடியிலேயே போகிறது. சாலைகளைத் தோண்டி, போக்குவரத்தைத் திருப்பி, கடைக்காரர்களிடம் திட்டு வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. மேலே மனிதர், கீழே தண்ணீர் என்று ஒரே நீளம் இரண்டுக்கும் ஆனது. "நடப்பதற்கா இவ்வளவு நிலம்" என்ற கேள்விக்கு இது ஒரு நேரடிப் பதில்.

புக்கிட் தீமா நிலையம்: ஒரு வளையத்தின் கதை

நடுவழியில் இருக்கும் புக்கிட் தீமா நிலையம் செங்கல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டடம். அதன் பெருமை அளவில் இல்லை. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும், ஒரு ரயில் ஒதுங்கி நின்று எதிரே வருவதற்கு வழிவிடும் இடம். ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க டோக்கன் முறை இருந்தது. அடுத்த நிலையம் வரையிலான பகுதிக்கு ஒரே ஒரு டோக்கன்தான் கருவியிலிருந்து வெளியே வரும். அது கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் ரயிலைச் செலுத்தலாம். டோக்கனை ஒரு பெரிய வளையத்தில் கட்டிய பையில் போட்டு, நிலையத்துக்காரர் கையை உயர்த்தி நீட்டிக்கொண்டு நிற்பார், ஓட்டுநர் போகிற போக்கில் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். நம் ஊர் மீட்டர் கேஜ் நிலையங்களில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். புக்கிட் தீமாவில் 2011ல் கடைசி ரயில் போகும் வரை இந்தக் கைமாற்றம் நடந்தது.

அந்த நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2022 ஜூலை 1 அன்று திறந்தது. ரயில் நிலம் அரசின் கைக்கு வந்த அதே தேதி. முன்னால் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். அது அவசியமான முடிவு. எல்லாவற்றையும் பெயர்த்து வெறும் பூங்காவாக்கிவிட்டால், இந்த நிலம் ஏன் இப்படி நீளமாக, சமமாக இருக்கிறது என்பதே அடுத்த தலைமுறைக்குப் புரியாது.

விளைவுகள்: யாருக்கு என்ன?

முதலில் விலங்குகள். புக்கிட் தீமா காடும் அதன் கிழக்கே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய பெரிய காடும் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன. 1980களில் போட்ட விரைவுச்சாலை இரண்டையும் பிரித்தது. எறும்புண்ணி போன்ற பிராணிகள் சாலையைக் கடக்க முயன்று செத்தன. அதைச் சரிசெய்ய, மரங்கள் வளர்ந்த ஒரு பாலத்தை விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகளுக்காகவே கட்டி 2013ல் முடித்தார்கள். வெட்டுவது எளிது, ஒட்டுவதற்கு முப்பது வருடமும் பெரும் பணமும் ஆனது. காட்டின் மேற்கே போகும் ரயில் காரிடார் வெட்டப்படாமல் இருப்பதன் அருமை இதை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் மனிதர் வரவும் ஒரு தொந்தரவுதான். ஆள் நடமாட்டம், நாய், இரவு விளக்கு எல்லாம் காட்டுப் பிராணிக்குத் தடை. எங்கே வெளிச்சம் போடுவது, எங்கே இருட்டாக விடுவது என்பது அழகு பார்த்து முடிவெடுக்கும் விஷயமல்ல. பாதை காப்பாற்றப்பட்டதாலேயே சுற்றியுள்ள நிலம் பத்திரமாகிவிடுவதும் இல்லை. 2021 தொடக்கத்தில் கிராஞ்சியில் வழித்தடத்தை ஒட்டிய காட்டில் ஒரு பகுதி, உயிரினப் பன்மை ஆய்வு முடிவதற்கு முன்பே தவறுதலாக வெட்டப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. இருபுறமும் காடு போய்விட்டால் நடுவே இருக்கும் கோடு மட்டும் எத்தனை பறவையைத் தாங்கும்?

அடுத்தது வாடகை. நியூயார்க்கில் 1980ல் சரக்கு ரயில் நின்ற ஓர் உயர்த்தப்பட்ட பாதையை 2009 முதல் ஹை லைன் என்ற பூங்காவாக்கினார்கள். 2.3 கிலோமீட்டர்தான், உலகப் புகழ். சுற்றிலும் வீட்டு விலை எகிறியது, பழைய குடியிருப்பாளர்களுக்கும் சிறு கடைகளுக்கும் அங்கே இடமில்லாமல் போனது. ஒரு பாதை நல்லதாக ஆக ஆக, அதற்காகப் போராடிய அக்கம்பக்கத்தாரே வெளியேற வேண்டி வரலாம். திட்டம் போடும் நாளிலேயே வீட்டு வாடகையைப் பற்றியும் பேசாவிட்டால் பிறகு பேச ஆளிருக்காது.

கிராமப்புறத்தில் கதை வேறு. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 150 கிலோமீட்டர் பழைய ரயில் தடத்தை 2000ல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். ரயில் போனதும் ஆளரவம் குறைந்திருந்த ஊர்களில் சைக்கிள்காரர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கும் வீடுகள், கடைகள் முளைத்தன. அங்கே பாதை பிழைப்பைக் கொண்டுவந்தது.

கடைசியாக, பாதையில் நடக்கும் அன்றாடச் சண்டை. வேகமாக வரும் சைக்கிளுக்கும் பேரக் குழந்தையோடு மெல்லப் போகும் தாத்தாவுக்கும் ஒரே அகலம்தான். இதற்கு மந்திரத் தீர்வு கிடையாது. மணியடித்து, வேகம் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கிப் போக வேண்டும்.

இன்னும் சேராத இரு முனைகள்

வடக்கே, உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குக் கடற்பாலத்தின் வழியாக ஓடும் கேடிஎம்மின் குறுந்தூர ரயில்தான் பழைய பாதையில் மிச்சமிருந்த கடைசி உயிர். இதே இரு ஊர்களை இணைக்க, 2026 முடிவில் தொடங்கத் திட்டமிட்ட புதிய ஆர்டிஎஸ் ரயில் வந்ததும் அதையும் நிறுத்துவதாக முடிவு.

தெற்கே தஞ்சோங் பகார் நிலையம். 2011ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. முகப்பில் வெள்ளைப் பளிங்கில் நான்கு சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். கூட்டு மலாய் மாநிலங்கள் ரயில்வேயின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துகளும் அங்கே அப்படியே இருக்கின்றன. நகர மெட்ரோவான எம்ஆர்டியின் வட்டப்பாதையில் வரும் கேன்டன்மன்ட் நிலையத்தை அதன் அடியில் கட்டுவதற்காகப் பல வருடம் அடைத்து வைத்தார்கள், பழைய நடைமேடைகளின் ஒரு பகுதியைக் கழற்றி, பத்திரப்படுத்தி, மறுபடி பொருத்த வேண்டிய வேலை. 10 கிலோமீட்டர் தெற்குப் பகுதி ஸ்பூனர் ரோட்டில் முடிகிறது. அங்கிருந்து நிலையத்தின் நடைமேடை வரை இருப்பது நடந்து போகக் கூடிய சின்னத் தூரம். அந்தத் துண்டும் சேர்ந்தால்தான், 1932ல் ரயில் கிளம்பிய இடத்திலிருந்தே ஒருவர் நடக்கத் தொடங்க முடியும்.